இடம் மாறிய இரண்டு கார்டுகள்

அம்பாசமுத்திரம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தது. அடுக்களை அலமாரியைக் காலி பண்ணிக்கொண்டிருந்த தம்பி மனைவி, மேல்தட்டில் விரித்திருந்த தாளை உருவி எடுத்துக்கொண்டு வந்தாள். "மதினி, இது உங்களுதா? ஒரே நம்பரா இருக்கு. தூரப் போட்டுரட்டுமா?" என்றாள். இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை போட்டு, பச்சைப் பட்டையும் வெள்ளைப் பட்டையும் மாறி மாறி வரும் அகலத் தாள். ஊறுகாய்ப் பரணியின் அடிவட்டம் அதில் எண்ணெய்க் கறையாகப் படிந்திருந்தது. கறைக்குள்ளும் எண்கள் தெளிவாகத் தெரிந்தன. 1.0000, 1.0000, 0.9900, 0.9700, 0.9401. மடிப்பைப் பிரிக்காமலே அடுத்த எண்ணை என்னால் சொல்ல முடிந்தது: 0.9005.

அந்தக் காலத்தில் கணிப்பொறிப் பக்கம் போய்வந்த ஆள் ஒருவர் இருந்த வீடுகளில் எல்லாம் இந்தத் தாள் இருக்கும். பின்பக்கம் வெறுமையாக இருப்பதால் கணக்குப் போடலாம். கெட்டித் தாள் என்பதால் பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போடலாம். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பையில் ஒரு கட்டு கொண்டுவருவேன். தம்பியின் ஏழாம் வகுப்புப் புத்தகங்கள் எல்லாம் இந்தப் பச்சைப் பட்டைச் சட்டையோடுதான் பள்ளிக்கூடம் போயின. ஆச்சி ஒருநாள் அந்த எண்களையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏட்டி, இவ்வளவையும் நீயா எழுதுன?" என்று கேட்டாள். மெஷின் எழுதியது என்றேன். "மெஷினுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்றாள். நான்தான் என்று சொன்னபோது எனக்கு வந்த பெருமை இன்னும் நினைவில் இருக்கிறது.

சென்னையில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். அதுவரை நான் கற்ற இயற்பியல் முழுவதும் கரும்பலகையில் எழுதி முடித்துவிடக்கூடியது. சமன்பாடு வரும், இரண்டு பக்கமும் தொகையிடுவோம், விடை வரும், அடியில் கோடு போடுவோம். ஊசல் கணக்கில் 'கோணம் சிறியது என்க' என்று ஒரு வரி வரும். சைன் தீட்டாவுக்குப் பதில் தீட்டா என்று எழுதிக்கொள்வோம். கோணம் பெரியதாக இருந்தால் என்ன ஆகும் என்று பி.எஸ்ஸி. மூன்று வருடமும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

எண்ணியல் முறைகள் எடுக்க வந்த சார் முதல் வகுப்பிலேயே அதைத்தான் கேட்டார். மேசை மேல் ஏறாத குறையாக ஜன்னல் கம்பியில் ஒரு மீட்டர் நூலில் குண்டைத் தொங்கவிட்டார். லேசாக ஆட்டி ஐந்து அலைவுக்கு நேரம் எடுக்கச் சொன்னார். பத்து விநாடி. பிறகு அறுபது டிகிரிக்கு இழுத்து விட்டார். இந்த முறை அரை விநாடிக்கு மேலேயே கூடியிருந்தது. "இப்ப இதுக்குக் கணக்குப் போடுங்கம்மா" என்றார். வகுப்பு முழுக்கத் தலை குனிந்து எழுதியது, ஒருவருக்கும் விடை வரவில்லை. நீள்வட்டத் தொகை என்று ஒன்று இருப்பதையும், தொண்ணூறு டிகிரியில் அலைவுநேரம் சுமார் 18 சதவீதம் கூடும் என்பதையும் அவர் பிறகு சொன்னார். ஆனால் அன்று அவர் சொல்ல வந்தது வேறு. "இதுவரைக்கும் நீங்க படிச்சதெல்லாம் விடை வர்ற கணக்கா பொறுக்கி எடுத்து உங்க கையில குடுத்தது. உலகத்துல பாதிக்கு மேல விடை வராத கணக்குதான். அதுக்காக அதை விட்டுட முடியுமா?"

எனக்கு அன்றுதான் இயற்பியல் திறந்துகொண்டது என்று சொல்வேன். காற்றின் தடையோடு எறிபந்து, மூன்று பொருள்கள் ஒன்றையொன்று இழுப்பது, இலட்சியச் சுருள்வில்லுக்குப் பதில் உண்மையான சுருள்வில் என்று பாடப்புத்தகம் கதவைச் சாத்தி வைத்திருந்த அறைகள் எல்லாம் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

உள்ளே போக வழி மிக எளிமையானது. ஆய்லர் 1768இல் புத்தகமாக எழுதி வைத்த வழி. இப்போது பொருள் எங்கே இருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்று தெரியும். விசை தெரிவதால் முடுக்கமும் தெரியும். ஒரு சிறு நேரப் படி எடுத்துவை. வேகத்தைப் படியால் பெருக்கி இடத்தோடு கூட்டு, முடுக்கத்தைப் படியால் பெருக்கி வேகத்தோடு கூட்டு. புது இடம், புது வேகம். மறுபடி அதையே செய். இதற்கு வேண்டியது கூட்டலும் பெருக்கலும் பொறுமையும்தான். முதல் பத்துப் படியைக் கையால் போடாமல் கணிப்பொறி மையத்துக்குப் போகக் கூடாது என்பது சாரின் சட்டம். புள்ளியியல் துறையில் ஃபேசிட் கணக்கு மெஷின் ஒன்று இருந்தது. பெருங்குடி ஃபேக்டரியில் செய்தது. எண்ணை அழுத்தி, பக்கவாட்டுப் பிடியைச் சுற்ற வேண்டும். வகுத்தல் போடும்போது கழிக்க மிச்சமில்லாமல் போனால் 'டிங்' என்று மணி அடிக்கும். சுருள்வில்லில் கட்டிய எடைக்கு, படி 0.1 என்று வைத்து, நானும் என் தோழியும் மாறி மாறிச் சுற்றிப் போட்ட எண்கள்தான் மேலே சொன்ன ஐந்தும்.

மீதிக் கணக்கு கிண்டியில் ஒரு பெரிய கல்வி நிறுவனத்தின் கணிப்பொறியில். சாருக்கு அங்கே நண்பர் இருந்தார். சனிக்கிழமை பல்லவன் பஸ்ஸில் போய் இறங்கி, ஆலமரங்களுக்கு நடுவே மான்களைப் பார்த்துக்கொண்டே நடப்போம். ஃபோர்ட்ரான் மொழியை ராஜாராமன் எழுதிய புத்தகத்தை வைத்துத்தான் படித்தோம். கான்பூர் ஐஐடிக்கு 1963இல் ஐபிஎம் 1620 வந்த காலத்திலேயே நிரலாக்கம் கற்றுக்கொடுத்தவர் அவர். எங்கள் தலைமுறையில் கணிப்பொறியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அவர் புத்தகத்தைப் பார்த்தவர்கள் ஏராளம்.

ஒரு வரிக்கு ஒரு கார்டு. எண்பது பத்தி. முதல் ஐந்து பத்தி வரி எண்ணுக்கு, ஆறாவது தொடர்ச்சிக் குறிக்கு, ஏழிலிருந்து எழுபத்திரண்டு வரை கட்டளைக்கு. பஞ்ச் மெஷினில் உட்கார்ந்து எழுத்தைத் தட்டினால் கார்டில் செவ்வக ஓட்டைகள் விழும். தவறாகத் தட்டினால் அழிக்க வழியில்லை, அந்தக் கார்டையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் கார்டு எடுக்க வேண்டும். அடித்து முடித்த கட்டுக்கு ரப்பர் பேண்டு போட்டு, மேல்விளிம்பில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் மூலைக்கு மூலை ஒரு சாய்கோடு இழுத்துவிடுவார் சார். கட்டு கைதவறிச் சிதறினாலும் கோட்டைப் பார்த்து வரிசைப்படுத்திவிடலாம். பிறகு ஜன்னல் வழியாகக் கட்டைக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். கணிப்பொறியைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்ததோடு சரி. விடை அடுத்த வாரம். எங்காவது ஒரு கமா விட்டுப்போயிருந்தால் விடைக்குப் பதில் எரர் என்று ஒரு வரி வரும், அந்த வாரம் போயிற்று.

இந்தக் காத்திருப்பை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து வரப்போகும் விடை எப்படி இருக்க வேண்டும் என்று அந்த வாரம் முழுக்க யோசிப்போம். ஹாஸ்டல் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு, எடை எப்போது நடுப்புள்ளியைக் கடக்கும், எப்போது திரும்பும் என்று பேசுவோம். தாள் கைக்கு வரும்போது மனதில் ஒரு விடை தயாராக இருக்கும். பொத்தானை அழுத்தினால் கண்ணிமைக்கும் நேரத்தில் படம் வந்துவிடும் இன்றைய மாணவர்களுக்கு அந்த இடைவெளி கிடைப்பதில்லை. அதை ஆசிரியர்தான் வலிந்து உண்டாக்கித் தர வேண்டியிருக்கிறது.

அன்று தாள் வந்ததும் எல்லோரும் மேசையைச் சுற்றிக்கொண்டோம். இடப்பெயர்ச்சி 1இல் தொடங்கி குறைந்து, கீழே போய், திரும்பி மேலே வந்தது. வர வேண்டியதுதான். ஆனால் ஒரு சுற்று முடிந்து வந்தபோது 1இல் நிற்கவில்லை, 1.36ஐத் தாண்டிப் போயிருந்தது. அடுத்த சுற்றில் இன்னும் மேலே. யாரும் தள்ளிவிடாத சுருள்வில் தானாகவே வீச்சைக் கூட்டிக்கொண்டே போனது. சார் எங்கள் முகங்களைப் பார்த்துச் சிரித்தார். இது வரும் என்று தெரிந்தேதான் இந்த முறையைக் கொடுத்திருந்தார். கடைசிப் பத்தியைப் பார்க்கச் சொன்னார். மொத்த ஆற்றலை அச்சிடச் சொல்லி அவர் சேர்த்த பத்தி அது. 0.5இல் தொடங்கிய ஆற்றல் ஒரு சுற்றில் 0.93க்கு வந்திருந்தது. "கணிப்பொறி தப்புப் பண்ணலை. நீங்க சொன்னதைத்தான் செஞ்சிருக்கு. ஆனா இயற்கை இப்படிச் செய்யாது. விடையை நம்பறதுக்கு முன்னாடி இந்தப் பத்தியைப் பாருங்க."

கரும்பலகையில் இரண்டே வரியில் காரணத்தையும் காட்டினார். இந்தக் கணக்கில், ஆய்லர் முறையின் ஒவ்வொரு படியிலும் ஆற்றல், ஒன்றோடு படியின் வர்க்கத்தைக் கூட்டி வரும் எண்ணால் பெருக்கப்படுகிறது. படி 0.1 என்றால் 1.01. படிக்கு ஒரு சதவீதக் கூட்டு வட்டி. ஒரு சுற்றுக்கு அறுபத்துச் சொச்சம் படி. வட்டி முதலை விழுங்கிவிடும்.

பிறகு அவர் செய்ததுதான் இத்தனை வருடத்துக்குப் பின்னும் என் கண்ணில் நிற்கிறது. கட்டிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றினார். முடுக்கத்தைக் கணக்கிடும் கார்டு, அடுத்து இடத்தைப் புதுப்பிக்கும் கார்டு, அடுத்து வேகத்தைப் புதுப்பிக்கும் கார்டு. பின் இரண்டையும் விரல் நுனியால் உருவி, இடம் மாற்றிச் செருகினார். வேறொன்றும் செய்யவில்லை. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. மேல்விளிம்பின் சிவப்புக் கோடு அந்த இடத்தில் மட்டும் துளி தடுக்கியது. இப்போது வேகம் முதலில் புதுப்பிக்கப்படும், அந்தப் புது வேகத்தை வைத்து இடம் நகரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த வாரம் வந்த தாளில் ஆற்றல் சுமார் ஐந்து சதவீதம் ஏறி இறங்கியது, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் பழைய இடத்துக்கே திரும்பியது. நூறு சுற்று ஓடினாலும் ஓடிப்போகவில்லை. ஆலன் குரோமர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1981இல் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' இதழில் இதைப் பற்றி எழுதியிருந்தார். சார் நூலகத்தில் அதைப் படித்து, கையால் நகலெடுத்து வைத்திருந்தார். நான்காம் படிநிலை ரங்கே–குட்டா முறை அதற்கு முன்பே எங்கள் பாடத்தில் இருந்தது. படியைப் பாதியாக்கினால் மொத்தப் பிழை பதினாறில் ஒரு பங்காகக் குறையும் அருமையான முறை, ஜெர்மனியில் 1895இலும் 1901இலும் உருவானது. ஆனாலும் அந்த இரண்டு கார்டு கற்றுக்கொடுத்ததை அது எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அந்த மாற்றம் ஏன் ஆற்றலைக் காப்பாற்றுகிறது என்று தாள் தாளாகப் போட்டுப் பார்த்து, இடமும் வேகமும் சேர்ந்த தளத்தில் பரப்பு மாறாமல் இருப்பதைக் கண்டுகொண்ட இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஹாலி வால்நட்சத்திரம் வந்ததும் அப்போதுதான். ஊரெல்லாம் அதே பேச்சு. காவலூர் வானாய்வகத்தில் பெரிய தொலைநோக்கி அந்த வருடத் தொடக்கத்தில்தான் திறக்கப்பட்டிருந்தது. நாங்கள் ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஏறி, தெற்கு வானத்தில் கலங்கலாகத் தெரிந்ததைக் காட்டி இதுதான் அதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். மறுநாள் வகுப்பில் சார் பாரிஸ் கதையைச் சொன்னார். ஹாலி சொன்னபடி அந்த வால்நட்சத்திரம் திரும்பி வரும் நாளைக் கணக்கிட 1758இல் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். கிளேரோ, லாலாந்து, நிக்கோல் ரென் லெபோத் என்ற பெண்மணி. வியாழனும் சனியும் அதை எப்படி இழுக்கும் என்று படிப்படியாக, மாதக்கணக்கில், காலையிலிருந்து இரவு வரை கையாலேயே போட்டார்கள். வியாழனால் 518 நாள், சனியால் 100 நாள் தாமதம் என்று வந்தது. ஏப்ரல் நடுவில் சூரியனை நெருங்கும், ஒரு மாதம் முன்பின் ஆகலாம் என்றார்கள். 1759 மார்ச் 13ஆம் தேதி வந்தது. சொல்லி வைத்த ஒரு மாதத்தின் விளிம்பில். பிழை எவ்வளவு வரும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்களே, அதற்காகவே அவர்களை வணங்குகிறேன்.

கிளேரோ பிறகு எழுதிய புத்தகத்தில் லெபோத்தின் பெயரை விட்டுவிட்டார் என்பதும் அன்று தெரிந்தது. எங்கள் வகுப்பில் பெண்கள்தான் அதிகம். ஒருத்தரும் பேசவில்லை, ஆனால் மணியடித்த பிறகு வெளியே வந்து வெகுநேரம் அதையே பேசினோம். இதே கதை நம் காலத்திலும் நடந்திருக்கிறது. ஃபெர்மி, பாஸ்டா, உலாம் மூவரும் லாஸ் அலமோஸில் மேனியாக் என்ற கணிப்பொறியில் செய்த சோதனையைப் பற்றி நான் பல வருடம் பாடம் எடுத்திருக்கிறேன். சுருள்வில்களால் கோத்த 64 எடைகள், அவற்றுக்கு நடுவே நேர்கோட்டு விதியிலிருந்து சற்று விலகிய விசை. ஒரு அலையில் கொடுத்த ஆற்றல் எல்லா அலைகளுக்கும் பரவிச் சமமாகிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். பரவத் தொடங்கிய ஆற்றல், வெகுநேரம் ஓடவிட்ட பிறகு, கிட்டத்தட்ட முழுதாகப் பழைய அலைக்கே திரும்பிவிட்டது. 1955இல் வெளிவந்த அந்த அறிக்கைக்கு நிரல் எழுதி ஓட்டியவர் மேரி சிங்கூ. அவர் பெயர் அடிக்குறிப்பில் நன்றியாக மட்டும் இருந்தது. அவர் பெயரையும் சேர்த்தே அந்தச் சோதனையைச் சொல்ல வேண்டும் என்று 2008இல் ஒரு கட்டுரை வந்த பிறகுதான் வழக்கம் மாறத் தொடங்கியது. அன்றிலிருந்து வகுப்பில் நான்கு பெயரையும் எழுதுகிறேன். அந்தப் புதிரைத் துலக்கப் போய் 1965இல் சாலிட்டான் அலைகள் கணிப்பொறியில் பிடிபட்டன. நம் திருச்சியில், பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லட்சுமணனும் அவர் மாணவர்களும் சாலிட்டானிலும் கேயாஸிலும் செய்த வேலைக்கெல்லாம் வேர் அங்கே இருக்கிறது.

படிப்பு முடிந்து நான் வேலைக்குச் சேர்ந்த சில வருடத்தில் கல்லூரிக்கு பி.சி. வந்தது. ஏசி போட்ட ஒரே அறை அதுதான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு மெஷினுக்கு மூன்று பெண்கள், கையில் ஆளுக்கொரு பிளாப்பி, அதை மடங்காமல் வைக்க ரெக்கார்ட் நோட்டுக்கு நடுவே செருகிய அட்டை. கிராஃப் தாளில் புள்ளி வைத்துப் பென்சிலால் வளைவு போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள், கறுப்புத் திரையில் கோள் ஒன்று புள்ளி புள்ளியாக நகர்ந்து நீள்வட்டத்தை மூடுவதைப் பார்த்து ஓவென்று கத்தியது பக்கத்து வகுப்பு வரை கேட்டது. ஃபைன்மன் தன் விரிவுரையில் கையால் போட்டுக் காட்டிய கணக்கையே முதல் பயிற்சியாக வைப்பேன். சூரியனிலிருந்து 0.5 தூரத்தில் தொடங்கி, குறுக்கே 1.63 வேகத்தில் கிளம்பும் கோள். சுற்றுக் காலம் 4.04 என்று கெப்ளர் விதியால் தனியாகவே கண்டுபிடித்து நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் மெஷின். ஆற்றலுக்கு ஒரு பத்தி கட்டாயம்.

வெள்ளையடிக்க ஆள் வந்த அன்று, அந்த அலமாரித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தால், தம்பி மகன் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம். பைத்தானில் கோள் சுற்றும் கணக்கு. ஆயத்தமாக இருக்கும் கருவியைக் கூப்பிட்டு மொத்தம் பத்துப் பன்னிரண்டு வரியில் முடித்திருந்தான். படம் அழகாக இருந்தது. "ஆற்றலைப் போட்டுப் பாத்தியாய்யா?" என்றேன். "அது எதுக்கு அத்தை, ஆர்பிட் வந்துட்டுல்லா?" என்றான். நூறு சுற்று ஓடவிட்டு ஆற்றலை வரையச் சொன்னேன். கோடு ஒரே பக்கமாகச் சரிந்துகொண்டே போனது. ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியம் போதும் என்பது அந்தக் கருவியில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் தானாக எடுத்துக்கொள்ளும் அளவு. அதை இறுக்கியதும் சரிவு குறைந்தது. பிறகு கருவியை ஓரமாக வைத்துவிட்டு, வேகத்தை அரைப்படி தள்ளி வைத்துத் தாண்டும் முறையைச் சொந்தமாகவே எழுதச் சொன்னேன். எழுதினான். ஆற்றல் நிலைத்தது.

எழுந்து போவான் என்று நினைத்தேன். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அத்தை, ஆற்றல் சரியா இருக்கு. ஆனா நீள்வட்டமே சுத்துக்குச் சுத்து கொஞ்சம் திரும்புதே. இது அந்தப் புதன் கதையா?" புதனின் பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை கூடுதலாகத் திரும்புவதை ஐன்ஸ்டைன் 1915இல் விளக்கியதை எங்கோ படித்திருக்கிறான். நான் பதில் சொல்லவில்லை. நீ எழுதியது நியூட்டன் விதி மட்டும்தானே, அதில் தனியாகச் சுற்றும் கோளின் பாதை திரும்பலாமா என்று மட்டும் கேட்டேன். யோசித்தான். திரும்பக் கூடாது என்றான். அப்படியானால் திருப்புவது யார்? "என் படிதான்" என்றான். எப்படிச் சோதிப்பாய் என்றேன். படியைப் பாதியாக்கினான். திருப்பம் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்காகச் சுருங்கியது. இன்னொரு பாதி. மறுபடி நாலில் ஒரு பங்கு. இரண்டாம் படிநிலை முறையின் கையெழுத்து அது. இயற்கை செய்வதாக இருந்தால் நம் படியைப் பார்த்து மாறாது.

தம்பி மனைவி உள்ளிருந்து சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் நகரவில்லை. "உண்மையிலேயே திருப்பணும்னா இன்னொரு கோள் வேணும்லா? வியாழனைப் போட்டா?" என்றான். போடு என்றேன். நிறை எவ்வளவு என்று கேட்டான். சூரியனில் 1047இல் ஒரு பங்கு என்றேன். தட்டிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தி, "முதல்ல எவ்வளவு திரும்பும்னு கையால ஒரு தோராயம் போட்டுக்கிடுறேன்" என்று சொல்லிவிட்டு, நான் வைத்திருந்த தாளை வாங்கித் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் எழுதத் தொடங்கினான்.